போரை முன்னுரைத்த கதைகளும் பேராசிரியர் கிளாக்கும்

விஞ்ஞானப் புனைகதை எனின் அது சிறுவர்க்குரிய பொழுதுபோக்கே என ஒதுக்கும் வழக்கம் கற்றோரிடையே நெடுங்காலம் நிலவியது. அவ்வழக்கத்தைப் பொருட்படுத்தாது, அத்தகைய நூல்களின் பழைய வரலாற்றை ஆராய்தற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஐ. எவ். கிளாக் (1918–2009). கிளாஸ்கோ நகரிலுள்ள ஸ்திராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராய் விளங்கியவர் இவர்.

இவரது முதற் பெரும்பணி 1961இல் வெளிவந்த 'வருங்காலக் கதை' என்னும் நூற்பட்டியல். எதிர்காலத்தைக் களமாகக் கொண்டு ஆங்கிலத்தில் வெளியான கதைகளை 1644 தொடக்கம் ஆண்டு முறைப்படி நிரல்செய்து, ஒவ்வொன்றின் பொருளையும் ஓரிரு வரிகளிற் குறித்துள்ளார். நூற்பட்டியல் தொகுத்தல் எழுதுவினைஞர் வேலை என்று கருதுவார் நம்மிடையேயும் உளர். அவ்வாறன்று. கதைகள் கால ஒழுங்கில் நின்றபோதே, ஒரு தலைமுறை எதற்கு அஞ்சியது, எதனை விரும்பியது என்பது அவருக்குப் புலனாயிற்று.

அதன் விளைவே 1966இல் வந்த 'போரை முன்னுரைக்கும் குரல்கள்'. 1763இல் ஒருவர் பெயர் குறியாது வெளியிட்ட 'ஆறாம் ஜோர்ஜின் ஆட்சி' என்னுங் கதையிலிருந்து அவ்வாராய்ச்சி தொடங்குகின்றது. கதை நிகழுங் காலம் 1900 முதல் 1925 வரை. ஆயினும் அதிற் போர் நடப்பது பதினெட்டாம் நூற்றாண்டு முறையிலேதான்! காலம் மாறும், கருவிகள் மாறா என்றே அவ்வாசிரியர் எண்ணினார் போலும்.

திருப்பம் 1871இல் நேர்ந்தது. பிரான்சை ஜேர்மானியர் வென்ற அவ்வேளையில், இந்தியாவிற் பணிபுரிந்த பொறியியற் படை அதிகாரியாகிய செஸ்னி என்பார் 'டோர்க்கிங் போர்' என்ற கதையை மே மாதத்துப் 'பிளாக்வூட்' சஞ்சிகையில் வெளியிட்டார். இங்கிலாந்து படையெடுப்பாளரிடந் தோற்ற வரலாற்றை முதியவர் ஒருவர் தம் பேரப்பிள்ளைகளுக்குக் கூறுவதாக அஃது அமைந்தது. நாட்டிற் பெருங் கலக்கம் உண்டாயிற்று. பிரதமர் கிளாட்ஸ்ரன் செப்தெம்பரில் இத்தகைய பீதியைக் கண்டித்துப் பேச நேர்ந்தது. பிற மொழிகளிலும் அது பெயர்க்கப்பட்டது. மறுப்புக் கதைகளும் பல எழுந்தன. 1906இல் லே கியூ என்பார் எழுதிய '1910இன் படையெடுப்பு' 'டெயிலி மெயில்' பத்திரிகையிலே தொடராக வந்தபோது, பகைவர் படை பத்திரிகை விற்பனைக்கு ஏற்ற ஊர்களினூடாகச் செல்லுமாறு வழி மாற்றப்பட்டதாம். வணிகர் கையிற் போர்க் கலையும் இப்பாடு பட்டது.

இக்கதைகளை எழுதியோரிற் பெரும்பாலார் விரைவில் முடியும் போரையே கற்பனை செய்தனர் என்பது கிளாக்கின் முக்கியமான முடிபு. பதுங்குகுழிகளில் ஆண்டுக்கணக்காய் மடியும் போரை முன்னறிந்தோர் மிகச் சிலரே. அவருள் ஒருவரான புளொக் கதாசிரியரல்லர். போலந்து நாட்டு வங்கியாளர். கொனன் டொயில் 1914 யூலையில் வெளியிட்ட கதையொன்றில், நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களைத் தாக்கி இங்கிலாந்தைப் பட்டினியிடுவதாகக் காட்டினார். அஃது இயலாதெனக் கடற்படை அறிஞர் சிலர் கூறினர். 1915 பெப்ருவரியில் ஜேர்மனி அதனையே செய்யத் தொடங்கியது.

கிளாக்கின் சான்றுகள் பெரும்பாலும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் ஆகிய மும்மொழிகளினுள் அடங்குவன என்பது ஒரு குறையே. எனினும், எவரும் மதியாத மலிவுப் பிரசுரங்களை வரலாற்றுச் சான்றுகளாக ஏற்று ஆராய்ந்த துணிவு அவருடையது. 1974இல் விஞ்ஞானப் புனைகதை ஆராய்ச்சிக்குரிய பில்கிரிம் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. 1992இல், எழுபதை அண்மித்து நான்காண்டு கடந்த வயதில், அந்நூலை விரித்தெழுதி மீண்டும் வெளியிட்டார்.