எலும்பை அரிக்கச் சொல்வது யார்?

திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பது மூட்டுத் தேய்மானம். முடக்குவாதம் வேறு. அதில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டைத் தாக்குகிறது. வீக்கமும் வலியும் மட்டுமல்ல, எலும்பே அரித்துப்போகிறது. முப்பது, நாற்பது வயதிலேயே, அதுவும் பெண்களுக்கு அதிகமாக வருகிறது.

எலும்பு உயிருள்ள திசு. பெரியவர்களின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு புதுப்பிக்கப்படுகிறது. பழைய காரையைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசுவது போல, ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல் அமிலமும் நொதியும் சுரந்து பழைய எலும்பைக் கரைக்கிறது. ஆஸ்டியோபிளாஸ்ட் புது எலும்பை உருவாக்குகிறது.

கரைக்கும் செல் பிறப்பது நோய் எதிர்ப்புச் செல்கள் பிறக்கும் அதே மஜ்ஜையில்தான். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜும் அதுவும் ஒரே வழி வந்தவை. இளம் செல் எந்தப் பக்கம் போவது என்பதைச் சைட்டோகைன் எனப்படும் சமிக்ஞை மூலக்கூறுகள் முடிவு செய்கின்றன.

இந்தச் சமிக்ஞைகள் எலும்பைக் கரைக்கத் தூண்டுகின்றன என்பதற்கான முதல் தடயம் 1972-ல் கிடைத்தது. தூண்டிவிடப்பட்ட வெள்ளையணுக்கள் வளர்ந்த திரவம் எலும்பைக் கரைப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். 1990-களின் இறுதியில் முக்கிய மூலக்கூறு பிடிபட்டது: ரேங்க்-எல். இது இளம் செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டினால் அந்தச் செல் ஆஸ்டியோகிளாஸ்டாக மாறும். ஓ.பி.ஜி. என்ற புரதம் ரேங்க்-எல்லைப் பிடித்துவைத்து அதைத் தடுக்கிறது. முடக்குவாத மூட்டில் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, 6, 17 ஆகிய சைட்டோகைன்கள் ரேங்க்-எல்லின் கையை ஓங்கச் செய்கின்றன.

எல்லாச் சைட்டோகைன்களும் எலும்புக்கு எதிரிகள் அல்ல. புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் மோகன் வானியின் குழு 2003-ல் இதைக் காட்டியது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-3 பட்டதும், எலியின் இளம் செல்கள் ரேங்க்-எல் இருந்தும் ஆஸ்டியோகிளாஸ்டாகாமல் மேக்ரோஃபேஜ் பக்கம் திரும்பின. அந்த மாற்றம் மீளவும் இல்லை. மனிதச் செல்களிலும் இன்டர்லூக்கின்-3 ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாவதைத் தடுப்பதை அதே குழு பின்னர் கண்டது. இது இன்னும் மருந்தாகவில்லை.

மருந்தானவையும் உண்டு. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் லண்டனில் 1992-ல் டி.என்.எஃப். தடுப்பு மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். ரேங்க்-எல்லைத் தடுக்கும் டெனோசுமாப் என்ற மருந்து 2010-ல் அமெரிக்காவில் எலும்புப்புரை நோய்க்கு ஒப்புதல் பெற்றது. விலை குறைந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையே இன்றும் முடக்குவாதத்துக்கு முதல் சிகிச்சை.

அரித்துப்போன எலும்பு பழையபடி வளர்வது அரிது. காலையில் எழுந்ததும் விரல்களை அரைமணி நேரத்துக்கு மேல் மடக்க முடியவில்லையா? இரு கை மூட்டுகளும் வாரக்கணக்கில் வீங்கியிருக்கின்றனவா? வலி மாத்திரையோடு காலம் தள்ளாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மூட்டுவாத நோய்களுக்குத் தனித் துறையே இருக்கிறது. உடனே போய்க் காட்டுங்கள்.