சூடு பட்டதும் விழும் ஈ

சித்திரை மாதக் கடைசியில், உச்சி வேளையில், திருத்தணிகை மலையின் 365 படிகளையும் வெறுங்காலுடன் ஏறிப் பார்த்தவர்களுக்கு உஷ்ணம் என்றால் என்னவென்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் அவ்வூரில் 40 டிகிரி ஸென்டிகிரேடைத் தாண்டுவது சகஜம். கல் சுடுகிறது; கால் துள்ளுகிறது; வாய் "முருகா!" என்று கூவுகிறது. ஆயினும் தேகத்தின் உள்ளே உஷ்ணம் 37 டிகிரிக்கு அருகிலேயே நிற்கிறது. வேர்வை செய்யும் உபகாரம் அது.

அடிவாரத்துக் கடையில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கிறதே ஒரு சின்னஞ்சிறு ஈ, அதற்கு அந்தப் பாக்கியம் இல்லை. வெளியே என்ன உஷ்ணமோ ஏறக்குறைய அதுவே அதன் உடலிலும். வெயில் ஏறினால் நிழலைத் தேடி ஒடுங்குவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. டிரோஸொபிலா என்று பெயர் பெற்ற அந்தப் பழ ஈயின் நரம்புக்குள் சூடு என்ன செய்கிறது என்று துருவிப் பார்த்ததிலிருந்து, ஜுரத்தில் வலிப்புக் காணும் சில குழந்தைகளின் நோயைப் புரிந்துகொள்ளவும் ஒரு வழி திறந்திருக்கிறது.

1971ஆம் வருஷம் கானடா தேசத்து வான்கூவர் நகரில் டேவிட் ஸுஸுகி என்பவரும் அவருடைய சகாக்களும் விசித்திரமான ஓர் ஈ வம்சத்தைக் கண்டெடுத்தார்கள். 22 டிகிரியில் அந்த ஈக்கள் மற்ற ஈக்களைப் போலவே நடந்தன, பறந்தன. 29 டிகிரிக்குக் கொண்டுபோனதும் பொத்தென்று விழுந்து அசைவற்றுக் கிடந்தன. செத்துப் போயினவா என்றால் இல்லை! மறுபடி குளிர்ந்த இடத்தில் வைத்ததும் ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து நடமாடின. 29 டிகிரி நமக்கு ஓர் உஷ்ணமா? திருத்தணியில் மார்கழிப் பகலிலேயே அவ்வளவு இருக்கும்.

இந்த ஈக்களின் மீது நம் நாட்டவர் ஒருவருடைய பார்வை விழுந்தது. ஐக்கிய மாகாணத்து பஸ்தியில் 1932இல் பிறந்த ஒபைத் ஸித்திகி, அலிகாரிலும் கிளாஸ்கோவிலும் பயின்றவர். 1962இல் ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று, பம்பாய் டாடா ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் உயிரணுக்களின் நுட்பங்களை ஆராயும் பிரிவை ஏற்படுத்தினார். பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் பேர் போன இடத்தில் ஈ வளர்ப்பதற்கும் அவர் ஓர் அறை பிடித்தார் என்பது ரஸமான விஷயம். கலிபோர்னியாவில் ஸீமோர் பென்ஸருடன் சேர்ந்து, சூட்டில் விழும் ஈக்களின் நரம்புகளிலே மின்சாரச் சமிக்ஞைகள் எவ்வாறு பழுதுபடுகின்றன என்று சோதித்து, 1976இல் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் பெங்களூரில் தேசிய உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியவரும் அவரே. 2013இல் காலமானார்.

சூட்டில் விழும் ஈக்கள் எல்லாம் ஒரே காரணத்தால் விழுவதில்லை. ஸித்திகியும் பென்ஸரும் கண்ட இன்னொரு வகை ஈ மெல்ல மயங்கி, மெல்லவே தெளிந்தது. அதன் கோளாறு வேறிடத்தில். ஸுஸுகியின் ஈ கணத்தில் விழுந்து கணத்தில் எழுந்ததற்குக் காரணம் 1989இல்தான் துலங்கியது. அமெரிக்காவில் பாரி கனெட்ஸ்கியின் குழுவினர் அதன் பழுதுபட்ட ஜீனைப் பிரித்துப் படித்தபோது, நரம்பின் ஸோடியக் கதவைச் செய்யும் ஜீன் அது என்று தெரிந்தது.

அது என்ன கதவு? நரம்பணுவுக்கு வெளியே ஸோடியம் மிகுதி, உள்ளே குறைவு. நரம்பின் சவ்வில் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. சமிக்ஞை வரும்போது அவை திறந்து, ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் மூடிக்கொள்கின்றன. அதற்குள் பாயும் ஸோடியமே சமிக்ஞையை அடுத்த இடத்துக்குத் தள்ளுகிறது. சூடு ஏற ஏறக் கதவு இன்னும் சீக்கிரமாகச் சாத்திக்கொள்ளும். நல்ல கதவுகள் ஏராளமாக உள்ள ஈ அதைச் சமாளித்துவிடும். பழுதுபட்ட ஈக்குக் குளிரில் மட்டுமே கணக்கு சரிக்கட்டுகிறது. சூட்டில் சமிக்ஞை நடுவழியில் நின்றுவிடுகிறது. கொசுவையும் ஈயையும் கொல்ல நாம் தெளித்த டி.டி.டி. மருந்து தாக்குவதும் இதே கதவைத்தான். இந்த ஜீனில் ஏற்பட்ட வேறு சில மாறுதல்களால் அம்மருந்துக்குத் தப்பிய பூச்சிகள் பெருகியது தனிக் கதை.

நம் மூளையிலும் அதே குலத்துக் கதவுகள் உண்டு. சுமார் 2,000 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. சில குடும்பங்களில் 1,270ஆம் இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. அக்குடும்பத்தார் சிலருக்கு ஜுரத்தில் வலிப்புக் காண்கிறது. 2012இல் டயேன் ஓடௌட் என்ற அமெரிக்க மாதின் குழுவினர் இதே மாறுதலை ஈயின் ஜீனில் புகுத்தினார்கள். சூடேற்றியதும் அந்த ஈக்களுக்கும் வலிப்புக் கண்டது! முந்தின ஈ அசைவற்று விழ, இது ஏன் துடிக்க வேண்டும்? மற்ற நரம்புகளை அடக்கி வைக்கும் நரம்புகளே இங்கே சூட்டில் சோர்ந்துபோகின்றன. கடிவாளம் தளர்ந்த குதிரையின் கதைதான்.

தாய்மார்கள் இதைப் படித்துக் கலவரப்பட வேண்டாம். ஜுரத்தில் குழந்தைக்கு ஒருமுறை வலிப்புக் கண்டால், பெரும்பாலும் அது வளர வளரத் தானே நீங்கிவிடுவது. ஆனால் டிரவே நோய் என்று ஒன்று உண்டு. ஆரோக்கியமாகப் பிறந்த சிசுவுக்கு முதல் வருஷத்திலேயே, ஜுரத்திலோ வெந்நீர்க் குளியலிலோ நெடுநேரம் வலிப்புக் காணும். அது திரும்பத் திரும்ப வரும். இதே ஸோடியக் கதவின் ஜீன்தான் இதற்கும் பெரும்பாலும் காரணமென்று 2001இல் தெரியவந்தது. வலிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் சில, கார்பமஸெபின் போன்றவை, ஸோடியக் கதவை மேலும் அடைப்பவை. இந்தக் குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுத்தால் வலிப்பு அதிகப்படக்கூடும். ஆகையால் இத்தகைய வலிப்பு மீண்டும் மீண்டும் வரும் சிசுவுக்கு எந்த மருந்தையும் நீடித்துக் கொடுக்குமுன், இந்த ஜீனைச் சோதிக்க வேண்டுமா என்று டாக்டர்கள் இப்போது யோசிக்கிறார்கள்.