கடைசி பெஞ்சால் கிடைத்த முதல் இடம்!
பெரம்பலூர், அரியலூரில் மறக்க முடியாத பள்ளி இறுதி ஆண்டு

ஒரு காலத்தில் பரீட்சை "ரிசல்ட்" என்றால் மாலைப் பத்திரிகைதான்!

பஸ் நிலையத்தில் பேப்பர் கட்டு வந்து இறங்கும். பையன்கள் பாய்ந்து வாங்குவார்கள். பொடி எழுத்தில் வரிசையாக நம்பர்கள். தன் நம்பர் இருந்தால் "பாஸ்". இல்லாவிட்டால் அழுகைதான்.

அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. 11-ம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.தான் பள்ளிக்கூடத்தின் கடைசிப் படி. 1978-ல் "பிளஸ்-2" வந்தது. 1980-ல் முதல் பிளஸ்-2 பரீட்சை நடந்தது.

படிப்பு மாறியது. பயம் மட்டும் மாறவில்லை!

பெயில் ஆனால்...

பெயில் ஆன பையன் சோளக்காட்டுக்கோ, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கோ கூலி வேலைக்குப் போவான்.

பெண் என்றால் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். "படிச்சது போதும், வீட்டிலே இரு" என்பார்கள். அதோடு சரி!

அந்த நிலையில் கைகொடுத்தவர்கள் வாத்தியார்கள். காலையில் தனி வகுப்பு. மாலையிலும் தனி வகுப்பு. பழைய கேள்வித்தாள்களைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள். அன்றைக்குக் கசந்தது. இன்று கடையிலும் ஆபீசிலும் உட்கார்ந்திருக்கும் பலர், "அந்த வாத்தியார் விட்டிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்?" என்று நினைக்காமல் இருக்க முடியாது.

முந்திய மாவட்டங்கள்

பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் 2001-ல் பிரிந்து, மறு ஆண்டே பெரம்பலூருடன் சேர்ந்து, 2007-ல் மீண்டும் தனி மாவட்டம் ஆனது.

"பின்தங்கிய பகுதி" என்று பேசப்பட்ட இந்த இரண்டும் தேர்ச்சியில் மாநிலத்தையே முந்தின!

2022 பிளஸ்-2 பரீட்சையில் பெரம்பலூர் முதல் இடம். தேர்ச்சி 97.95 சதவீதம். 2023 எஸ்.எஸ்.எல்.சி.யிலும் பெரம்பலூரே முதல் (97.67). 2024 எஸ்.எஸ்.எல்.சி.யில் அரியலூர் முதல் (97.31). 2025 பிளஸ்-2 பரீட்சையிலும் அரியலூர்தான். தேர்ச்சி 98.82 சதவீதம்! அதாவது 100 பேர் எழுதினால் ஏறக்குறைய ஒருவர்தான் தவறினார்.

யாருக்கு இந்தப் பெருமை?

முன்பெல்லாம் மாநில "ரேங்க்" வாங்கியவர் படம் பத்திரிகையில் வரும். 2017-ல் அந்த ரேங்க் பட்டியல் நிறுத்தப்பட்டது.

தேர்ச்சிக் கணக்கு வேறு. முதல் பெஞ்சு மாணவி 600-க்கு 600 வாங்கினாலும் சதவீதம் கூடாது. 35 மார்க்குக்குத் தத்தளிக்கிற கடைசி பெஞ்சுப் பையன் கரை ஏறினால்தான் கூடும்.

ஆக, இந்த முதல் இடம் கடைசி பெஞ்சு கொடுத்தது. அந்தப் பெஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ பாஸ் பண்ணிடுவே, எழுது" என்று சொன்ன ஆசிரியர்கள் கொடுத்தது!

கடனைத் தீர்க்க வழி

நன்றி சொல்ல அந்த வாத்தியார் இன்று உயிரோடு இல்லாமல் இருக்கலாம். அதனால் என்ன?

உங்கள் தெருவிலும் தவறிய பிள்ளை ஒன்று இருக்கும். துணைத்தேர்வு உண்டு. ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே நடக்கிறது. பாஸ் ஆனால் அதே ஆண்டில் மேலே படிக்கலாம், ஒரு வருஷம் வீணாகாது.

அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய் விண்ணப்பம் போட வையுங்கள். வாத்தியார் கடன் தீரும்!