மேற்கே ஒரு கார் யாத்திரை

கோடையில் ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று நம்மவர் பலர் காரில் கிளம்புகிறார்கள். டென்வரிலிருந்து பசிபிக் கடற்கரை வரை பனிமலை, செம்பாறை, பாலைவனம், பெருங்காடு என்று அத்தனையும் சில நாட்களில் கண்ணில் பட்டுவிடும். இந்த வேறுபாடுகளுக்கு முக்கியக் காரணம் இரண்டு: நிலத்தின் உயரம், மழையின் அளவு. பயணிகளின் உடம்பைச் சோதிப்பவையும் இவையே.

டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 70ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 60 மைல் ஏறினால் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரும். 1973இல் திறக்கப்பட்ட இதன் மேற்கு வாயில் 11,158 அடி உயரத்தில் உள்ளது. உதகமண்டலத்தைவிட இது ஏறக்குறைய 3,800 அடி அதிகம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காரில் கடந்து போவதில் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இராது. ஆனால் 8,000 அடிக்கு மேல் இரவு தங்கினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறங்கி மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்கள் புறப்படுமுன்பே மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம்.

மலை இறங்கினால் யூட்டா மாநிலத்தின் செம்பாறை நாடு. மோவாப் ஊரருகே ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 2,000க்கும் மேற்பட்ட இயற்கைக் கல் வளைவுகள் உள்ளன. மணற்பாறையின் வெடிப்புகளில் நீர் புகுந்து, உறைந்து, அரித்துச் செதுக்கியவை இவை. மோவாபுக்குத் திரும்பாமல் நேரே மேற்கே செல்வோர் கிரீன் ரிவரில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுத்த 100 மைலுக்கு மேல் பெட்ரோல் நிலையமோ கடையோ கிடையாது.

தெற்கே அரிசோனாவில் கிராண்ட் கான்யன். 277 மைல் நீளம், சுமார் ஒரு மைல் ஆழம். இங்குள்ள சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில் என்று பெயர். கீழைநாட்டுப் பெயர்களைச் சூட்டும் இந்த வழக்கத்தை 1880களில் தொடங்கிவைத்தவர் கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலார். பள்ளத்தின் அடியிலுள்ள பாறைக்கும் விஷ்ணு பாறை என்றே பெயர். அதன் வயது சுமார் 170 கோடி ஆண்டுகள். பெரியவர்கள் மேல் விளிம்பிலிருந்தே ஆனந்தமாகத் தரிசிக்கலாம். மலையேறுகிறவர் களைத்தால் இறங்கிவிடலாம்; இங்கே இறக்கம் முதலில், ஏற்றம் பிறகு. கீழே போகப் போக வெயிலும் கூடும். கோடையில் அடிப்பள்ளம் 100 டிகிரியைத் தாண்டும்.

கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கிறது. 1913 ஜூலை 10 அன்று அங்கே 134 டிகிரி பாரன்ஹீட் பதிவாயிற்று. அங்கிருந்து 100 மைலுக்குள் 14,505 அடி விட்னி சிகரம்! பசிபிக் மேகங்கள் சியரா நெவாடா மலையின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுவதால் கிழக்கே வறட்சி. தென்மேற்குப் பருவமழையில் கேரளம் நனைய, மலைக்கு இந்தப் பக்கம் காய்வது போலத்தான்.

வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும். உடம்பு நீர் இழப்பது தெரியாது. ஆகவே தாகத்துக்குக் காத்திராமல் அடிக்கடி தண்ணீரும், இடையிடையே உப்புப் போட்ட மோரும் குடிக்கலாம். உப்பையோ தண்ணீரையோ குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுவோரும் அப்படியே. இன்சுலினை நிறுத்திய காரில் விடக்கூடாது; குழந்தைகளையும் முதியோரையும் ஒரு நிமிடம்கூட விடக்கூடாது. வண்டி நின்றுவிட்டால் வெயிலில் உதவி தேடி நடக்காமல் வண்டியருகே நிழலில் இருப்பதே உயிர் காக்கும்.

கோடையில் மட்டும் திறந்திருக்கும் 9,943 அடி டியோகா கணவாயைக் கடந்தால் யோசெமிட்டிக் காடுகள், பிறகு கடல். ஒரு வாரத்தில் முடிக்க நினைப்பவர்கள் இன்னும் மூன்று நாள் சேர்த்துக்கொள்ளட்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை இறங்கி நடக்கட்டும். ஊருக்குத் திரும்பும் பெற்றோர் படங்களோடு ஆரோக்கியத்தையும் கொண்டுபோக வேண்டும் அல்லவா?