வெள்ளம், புயல், வறட்சி: ஏலத்தோட்டத்தின் ஓராண்டு

ஏலச்செடியின் வேர் ஆழம் போவதில்லை. பத்தடி உயரம் வளர்ந்து நிற்கும் ஒரு தூரைத் தோண்டிப் பார்த்தால், நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒரு முழத்துக்குள்ளேயே பரவிக் கிடக்கும். மழைக்காட்டின் அடியில், மக்கிய இலைகளின் ஈரத்தில் வளர்ந்து பழகிய செடி அது. ஆழத்தில் போய் நீர் தேடும் தேவை அதற்கு இருந்ததே இல்லை. அதனால்தான் சில மாதம் மழை பொய்த்தாலும் அதற்கு ஆபத்து, சில நாள் தூரடியில் தண்ணீர் தேங்கினாலும் ஆபத்து.

இந்தச் செடியின் நலத்தைப் பொறுத்தே போடிநாயக்கனூர் கடைவீதியில் காசு புழங்கும். ஊர் இருப்பதோ மழை மறைவில். போடியும் பொட்டிபுரமும் தேவாரமும் மலையின் கிழக்கு அடிவாரத்து ஊர்கள். தென்மேற்குப் பருவமழையின் சாரல் மட்டுமே இங்கே எட்டும். மாவும் இலவமும் தென்னையும் விளையும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, வண்டன்மேடு என்று கேரளத்தின் ஏலமலை விரிகிறது. காய் விளைவது பெரும்பாலும் அந்தப் பக்கம். ஆனால் தோட்டம் வைத்திருப்பவர்களில் பலர், காய் எடுக்கும் பெண்கள், தரம் பிரிக்கும் கிட்டங்கிகள் எல்லாம் இந்தப் பக்கம். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களும் இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாக அமைந்தவைதான்: ஒன்று புற்றடியில், மற்றொன்று போடியில்.

தோட்டப் பராமரிப்புக்கு ஒரு வருடச் சக்கரம் உண்டு. கார்த்திகை, மார்கழியில் மழை ஓயும்போது உதிர்ந்த இலையையும் அறுத்த களையையும் தூரைச் சுற்றி மூடாக்காகப் போடுவார்கள். மாசியிலிருந்து சித்திரை வரை தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கோடை மழை விழுந்ததும் தூரடியிலிருந்து பூச்சரம் நீளும். வைகாசியில், பருவமழை இறங்குவதற்கு முன், நிழல் மரங்களின் கிளையைக் கழித்து வெளிச்சம் விடுவார்கள். காய்ந்த தண்டையும் சருகையும் அகற்றுவது, வடிகால் எடுப்பது, போர்டோ கலவை அடிப்பது எல்லாம் அப்போதுதான். பிறகு ஆடி முதல் தை, மாசி வரை சுற்றுச் சுற்றாகக் காய் எடுப்பு. இதில் ஒவ்வொரு வேலையும் அடுத்த பருவத்தை நம்பிச் செய்யப்படுவது. வைகாசியில் கிளை வெட்டுகிறவர் ஆனியில் மேகம் மூடும் என்று நம்பித்தான் வெட்டுகிறார். மேகம் வராமல் போனால் வெட்டிய நிழலை அந்த ஆண்டுக்குத் திரும்பப் பெற வழியில்லை.

அந்த நம்பிக்கை ஒரே ஆண்டுக்குள் பலமுறை பொய்த்தது 2018 ஆகஸ்டுக்கும் 2019 ஆகஸ்டுக்கும் இடையில்.

2018 ஜூன் முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் 19 வரை இடுக்கி மாவட்டத்தில் வழக்கமாகப் பெய்ய வேண்டியது சுமார் 1,850 மில்லிமீட்டர். பெய்தது 3,550-க்கும் மேல். ஆகஸ்ட் 9 அன்று செறுதோணி அணையின் மதகு 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. மலைச்சரிவுகள் இடம் இடமாகப் பெயர்ந்தன. சரிந்த இடத்தில் தோட்டமே போனது. சரியாத இடங்களில் சேதம் மெதுவாக, தூரடியில் நடந்தது. விடாத மழையில் காயும் சரமும் நீர் கோத்து, பழுப்பேறிக் கொழகொழவென்று உதிரும் நோயை மலையில் ‘அழுகல்’ என்பார்கள். பயிர் நோயியல் நூல்கள்கூட ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தப் பெயரையே வைத்திருக்கின்றன. ஈரமும் குளிரும் அடர்ந்த நிழலும் சேரும்போது ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் பெருகி இதை உண்டாக்குகிறது.

இதற்குப் பழைய மருந்து போர்டோ கலவை. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. தனித்தனியாகக் கரைத்துச் சேர்க்க வேண்டும். பளபளப்பான கத்தியைக் கலவையில் முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள், இலை கருகிவிடும். இந்தக் கணக்கு மலையில் யாருக்கும் புதிதல்ல. ஆனால் மருந்து இலையில் படிந்து உலர ஒரு வெயில் பொழுதாவது வேண்டும். அந்த ஆகஸ்டில் அது எளிதாகக் கிடைக்கவில்லை. பூவுக்கும் கெட்ட காலம் அது. ஏலப்பூ அதிகாலையில் விரிந்தால் அன்று ஒரு நாள்தான். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். கொட்டும் மழையில் தேனீ பறப்பதில்லை. அன்று காய் பிடிக்காத பூ, உதிர்ந்த பூதான்.

நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், வலுவிழந்தபடியே கொடைக்கானல் மலை வழியாக மேற்கே நகர்ந்து இடுக்கியைக் கடந்தது. காற்று ஏலத்தண்டைச் சாய்த்தால் அடுத்த தண்டு வளரும். நிழல் மரத்தைச் சாய்த்தால் அடியிலிருக்கும் தூர்கள் நசுங்கும், மிஞ்சியவை வெயிலுக்கு மொட்டையாக நிற்கும். புயல் ஏற்படுத்திய இந்த இரண்டாவது சேதம் அடுத்த கோடை வரும்வரை கண்ணுக்குத் தெரிவதில்லை. 2019 ஜனவரியில் மூணாறில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. உறைபனியின் அடி தேயிலைக்குத்தான் அதிகம். ஏலம் பெரும்பாலும் அதைவிடத் தாழ்ந்த உயரங்களில் இருப்பதால் தப்பியது.

பிறகு வந்த 2019 கோடையில் மழை ஏமாற்றியது. முந்தைய ஆகஸ்டில் மேல்மண்ணையும் மூடாக்கையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்த தோட்டங்கள்தான் மண்ணில் ஈரம் பிடித்துவைக்க முடியாமல் முதலில் வாடின. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிர் என்று நினைத்துத் தனித்தனியே நிவாரணம் எழுதுகிறோம். ஏலத்தோட்டத்தில் முதலாவது, இரண்டாவதற்கு வழிவெட்டிக் கொடுக்கிறது.

2017-18இல் இந்தியாவின் ஏலக்காய் உற்பத்தி 20,650 டன். 2018-19இல் அது 12,940 டன்னாக இறங்கியது. சரக்கு இல்லாத சந்தையில் விலை ஏறியது. 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அதுவரை யாரும் கேட்டிராத விலை. ஒரு வாரத்துக்குள் கேரளத்தை அடுத்த வெள்ளம் தாக்கியது. அந்த விலையால் பிழைத்தவர்கள், காய் கையிலிருந்த சிலரே. தூர் செத்த தோட்டக்காரருக்கு ஏழாயிரம் என்பது செய்தித்தாளில் படித்த எண். புதிதாக நட்ட தூரில் காய் பார்க்க மூன்றாம் ஆண்டு ஆகும். அதற்குள், 2021-22இல், சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது.

வறட்சி இந்த மலைக்குப் புதிதல்ல. 1983இன் கோடையைப் பழைய தோட்டக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அப்போது 2,900 டன்னாக இருந்த உற்பத்தி மறு பருவத்தில் 1,600 டன்னாகச் சரிந்தது. ஏற்றுமதி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. அரபு நாடுகளின் சந்தையில் அந்த இடத்தைக் குவாத்தமாலா பிடித்துக்கொண்டது. நாற்பது ஆண்டுகளாகியும் இந்தியாவால் அதை முழுதாக மீட்க முடியவில்லை.

2024இல் அந்தக் கோடை திரும்பி வந்தது. மாசியிலிருந்து சித்திரை முடியும்வரை மலையில் மழை பெயருக்குத்தான். இடுக்கியில் 16,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட ஏலம் பாதிக்கப்பட்டதாகக் கேரள வேளாண் துறை கணக்கெடுத்தது. வறட்சியில் ஏலம் சாகும் விதம் படிப்படியானது. முதலில் குருத்திலை விரியாமல் சுருண்டு நிற்கும். பிறகு தண்டு வலுவிழந்து இடுப்பளவில் மடிந்து சரியும். காய்ந்த காற்றில் இலைப்பேன் பெருகி, தப்பிய சரத்தையும் சொறி பிடிக்க வைக்கும். கடைசியில் தூரே வற்றும். இதற்கிடையில் பூச்சிமருந்தைக் கூடுதலாக அடிக்கும் பழக்கம் வேறு. அதனால் தேனீயும் குறைகிறது, மருந்து எச்சம் இருக்கிறதென்று வளைகுடா நாடுகள் சரக்கைத் திருப்பியும் அனுப்புகின்றன.

தண்ணீர் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். ஏலமலையில் தண்ணீர் என்றால் பெரும்பாலும் ‘படுதாக் குளம்’: மேட்டில் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, மழைக்காலத்து ஓடை நீரை நிரப்பி வைப்பது. சொட்டுநீர் முறையில் ஒரு தூருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் போதும். சிக்கனமான கணக்குதான். ஆனால் 2024 மார்ச்சில் பல குளங்களில் பாய் தெரிந்தது. ஓடைகளும் வற்றின. வசதியுள்ளவர்கள் லாரியில் நீர் கொண்டுவந்தார்கள், பச்சை நிழல்வலை கட்டினார்கள். ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இரண்டுமே எட்டாதவை.

வலை கட்ட வேண்டிய நிலை எப்படி வந்தது என்று கேட்டாக வேண்டும். ஏலத்துக்குப் பாதி வெயில் பாதி நிழல் பொருந்தும். அந்த நிழலை ஆயினியும் பலாவும் சந்தன வேம்பும் ஒரு காலத்தில் இலவசமாகத் தந்தன. திருவிதாங்கூர் அரசு காலத்திலேயே ஏலக்காடு என்று ஒதுக்கப்பட்டு, பெருமரங்களின் அடியில் பயிர் செய்த மலை இது. 1990களில் கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்துச் செடியிலிருந்து தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ‘ஞள்ளானி’ ரகம் பரவியது. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஓர் உழவர் சாதித்தது அது. ஹெக்டேருக்கு நூறு கிலோவைத் தொடாத சராசரி விளைச்சல் பல மடங்கானதில் அந்த ரகத்தின் பங்கு மிகப் பெரியது. ஆனால் அதிக விளைச்சலுக்கு அதிக வெளிச்சம் தேவைப்பட்டது. கிளை கழிப்பது ஆண்டுக்கு ஆண்டு ஆழமானது. விழுந்த மரத்துக்குப் பதில் மரம் வைப்பது குறைந்தது. மழை ஒழுங்காக வந்த ஆண்டுகளில் இதன் விலை தெரியவில்லை. 2024இல் தெரிந்தது. பழுது ரகத்தில் இல்லை. நிழலைச் செலவாகக் கணக்கெழுதி வெட்டியதில் இருக்கிறது.

அடிவாரத்தில் வேறொரு கணக்கு. விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும். மாலையில் இறக்கிவிடும். சரம் இல்லாத தோட்டத்துக்குக் காய் எடுக்க ஆள் தேவையில்லை. சாலையில் மண் சரிந்தால் ஜீப் ஏறாது. வறட்சியானாலும் பெருமழையானாலும் அன்றைய கூலி போனது போனதுதான். ஏலத்துக்கு வானிலை அடிப்படையிலான காப்பீடு இருக்கிறது: வானிலை நிலையத்தில் பதிவான மழையும் வெப்பமும் குறித்த வரம்பை மீறினால் தோட்டக்காரருக்குத் தொகை வரும். அதே வானிலையில் வேலை இழந்தவருக்கு அதில் இடமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் உழைத்து இந்தப் பக்கம் வாழ்கிறவர்களை இரண்டு மாநிலங்களும் தம் கணக்கில் எழுதாமல் விடுவது அநியாயம். இதைத் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து உட்கார்ந்தால்தான் சரிசெய்ய முடியும்.

2024 மே மாத நடுவில் மழை வந்தது, அதுவும் பலமாக. மூடாக்கு போட்டிருந்த தோட்டங்களில் வேர்த்தண்டு உயிரோடிருந்து புதுத் தண்டு விட்டது. மற்ற இடங்களில் மறுநடவு. மைலாடும்பாறையிலுள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையமும் ஆண்டாண்டாகச் சொல்லிவரும் வேலைகளேதான் இப்போதும் செய்ய வேண்டியவை: மண் மூடாமல் ஒரு சதுர அடியும் விடாதே, சரிவுக்குக் குறுக்கே குழி எடு, வடிகாலைத் தூரிலிருந்து விலக்கு, கிளையை ஒரேயடியாக மொட்டையடிக்காமல் இரண்டு தவணையாகக் கழி. விட்டுப்போன நிழலுக்குப் பலாவும் ஆயினியும் சந்தன வேம்பும் மீண்டும் நடப்பட வேண்டும். அந்தக் கன்றுகள் குடை விரிக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை மாசி பிறந்ததும் படுதாக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்ப்பதும் பச்சை வலையை இழுத்துக் கட்டுவதும் தொடரும்.