ரயில்களைத் தேடிப் படமெடுத்தல்

ஓடும் ரயில்களையும் அவற்றை இழுக்கும் எஞ்சின்களையும் தேடிச் சென்று, அடையாளம் கண்டு, ஒளிப்படமாகப் பதிவு செய்யும் பொழுதுபோக்கே ரயில்களைத் தேடிப் படமெடுத்தல் ஆகும். இதில் ஈடுபடுவோர் ரயில் ஆர்வலர்கள் எனப்படுகின்றனர். சோழவரத்துக்குக் கிழக்கே மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்லும் சென்னை–கூடூர் இருப்புப்பாதை இதற்கு ஏற்ற தடங்களுள் ஒன்று. இக்கட்டுரை அத்தடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொழுதுபோக்கின் முறைகளையும் அதிலுள்ள ஆபத்தையும் விளக்குகிறது.

வரலாறு

ரயில் எஞ்சின்களின் எண்களைக் குறித்து வைக்கும் வழக்கம் பிரித்தானியாவில் பரவலானது. அங்குள்ள ரயில்வே நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய இயன் ஆலன், 1942-இல் எஞ்சின் எண்களின் பட்டியலைச் சிறு நூலாக வெளியிட்டார். அது பள்ளி மாணவர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்பவர் 1950-களின் பிற்பகுதியில், மறைந்துகொண்டிருந்த நீராவி எஞ்சின்களை இரவில் விளக்கொளி பாய்ச்சிப் படமெடுத்தார். இந்திய ரயில் ஆர்வலர்களின் இணையவழிக் குழு 1989-இல் தொடங்கியது.

சோழவரத்துக்கும் வேகத்தைக் கண்டு மகிழும் வழக்கம் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடைபெற்ற கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களைக் காணப் பெருங்கூட்டம் இவ்வூருக்கு வந்ததுண்டு. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் அமைந்த பின் அவை அங்கு இடம்பெயர்ந்தன.

தடத்தின் இயல்பு

சோழவரத்தில் ரயில் நிலையம் இல்லை. அருகிலுள்ள நிலையங்கள் மீஞ்சூரும் பொன்னேரியும் ஆகும். சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ஏறத்தாழ 48 கி.மீ. தொலைவில் உள்ளது. தில்லி செல்லும் கிராண்ட் டிரங்க், தமிழ்நாடு விரைவு வண்டிகளும், ஷாலிமார் செல்லும் கோரமண்டல் விரைவு வண்டியும் இவ்வழியே செல்கின்றன. புறநகர் மின் ரயில்களும் சரக்கு வண்டிகளும் இவற்றிடையே ஓடுகின்றன. ஒரே நடைமேடையில் அமர்ந்து பலவகை எஞ்சின்களைக் காண முடிவது இதனால்தான்.

எஞ்சினின் நெற்றியில் உள்ள குறியீடே அதன் வகையைச் சொல்லும். ‘டபிள்யூ.ஏ.பி.-7’ என்பதில் முதல் எழுத்து அகலப் பாதையையும், இரண்டாவது மாறுமின்னோட்டத்தையும், மூன்றாவது பயணிகள் வண்டியையும் குறிக்கும். மூன்றாவது எழுத்து ‘ஜி’ எனில் அது சரக்கு எஞ்சின். எஞ்சினின் பக்கவாட்டில் அது எந்தப் பணிமனையைச் சேர்ந்தது என்பது எழுதப்பட்டிருக்கும். ராயபுரம், அரக்கோணம், ஈரோடு ஆகியவை தெற்கு ரயில்வேயின் மின் எஞ்சின் பணிமனைகள்.

துரத்தலும் காத்திருத்தலும்

ஆர்வலர்கள் இதனை ‘ரயிலைத் துரத்துதல்’ என்று சொல்வதுண்டு. உண்மையில் இது காத்திருக்கும் கலையே. பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் சுமார் 13 கி.மீ. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி அத்தொலைவை ஏழு நிமிடத்தில் கடந்துவிடும். சாலையில் அதை முந்த முயல்வது உயிருடன் விளையாடுவதாகும். புறநகர் ரயிலில் ஏறி நிலையம் நிலையமாக முன்கூட்டியே சென்று நிற்பதே சரியான முறை.

பயணிகள் வண்டி எங்கே வருகிறது என்பதை ரயில்வேயின் விசாரணைச் செயலி காட்டும். சரக்கு வண்டிகள் அதில் தோன்றுவதில்லை. கடவுப்பாதைக் கதவு மூடப்படுவதும், நிலைய அறிவிப்பும், தொலைவில் கேட்கும் ஒலிப்பானும்தான் அவற்றின் வரவை உணர்த்தும்.

ஒளியும் வேகமும்

இத்தடம் ஏறக்குறைய தெற்கு வடக்காகச் செல்கிறது. இந்திய ரயில்கள் இரட்டைத் தடத்தில் இடப்புறமாக ஓடுவதால், சென்னை நோக்கி வரும் வண்டிகள் கிழக்குத் தடத்திலும், வடக்கே செல்பவை மேற்குத் தடத்திலும் வரும். ஆகவே காலையில் சென்னை நோக்கி வரும் வண்டிகளைக் கிழக்குப் பக்கத்திலிருந்தும், மாலையில் வடக்கே செல்லும் வண்டிகளை மேற்குப் பக்கத்திலிருந்தும் எடுப்பது நல்லது.

பருவமும் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்பக்கம் சாய்ந்திருக்கும். அப்போது சென்னைக்கு வரும் எஞ்சினின் முகம் நாள் முழுதும் ஒளி பெறும். வடக்கே செல்லும் எஞ்சினின் முகம் நிழலில் இருக்கும். ஆனி மாதத்தில் சூரியன் வடமேற்கே மறைவதால், மாலையில் வடக்கே செல்லும் எஞ்சினின் முகத்தில் வெயில் விழும்.

மணிக்கு 110 கி.மீ. வேகம் என்பது நொடிக்குச் சுமார் 30 மீட்டர். கேமராவின் திறப்பு நேரம் நொடியில் 1,000-இல் ஒரு பங்கு எனில், அதற்குள் வண்டி 3 செ.மீ. நகரும், படம் தெளிவாக இருக்கும். 125-இல் ஒரு பங்கு எனில் வண்டி 24 செ.மீ. நகர்ந்து படம் கலங்கிவிடும். கைபேசியில் எடுப்பவர்கள் மாலை மங்கலில் இதனால்தான் ஏமாறுகின்றனர்.

பாதுகாப்பும் சட்டமும்

இத்தடத்தில் வண்டிகள் மணிக்கு 130 கி.மீ. வரை செல்லக்கூடும். அவ்வேகத்தில் 500 மீட்டர் தொலைவில் தெரியும் முகவிளக்கு 14 நொடியில் கண்முன் வந்துவிடும். கேமராவில் கண் பதித்திருப்பவர் ஒரு வண்டியை மட்டுமே காண்கிறார். அதன் இரைச்சலில், பக்கத்துத் தடத்தில் எதிர்த்திசையில் வரும் இன்னொரு வண்டி காதில் விழுவதில்லை. இப்பொழுதுபோக்கில் உயிர் போவது பெரும்பாலும் இப்படித்தான். அனுபவமுள்ள ஆர்வலர்கள் தனியே செல்லாமல் நண்பருடன் செல்வதன் காரணமும் இதுவே. ஒருவர் படமெடுக்கும்போது மற்றவர் கேமராவைத் தொடாமல் இரு பக்கமும் பார்க்க வேண்டும். அடுத்த வண்டிக்கு முறை மாற்றிக்கொள்ளலாம். ‘வா’ என்று நண்பர் சொன்னால், படம் தவறினாலும் உடனே விலகிவிட வேண்டும்.

வண்டி எந்தத் தடத்தில் வரும் என்று ஊகித்து நிற்பதும் தவறு. 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையில் மைசூர்–தர்பங்கா பாக்மதி விரைவு வண்டி, முதன்மைத் தடத்தில் செல்லாமல் பக்கத் தடத்தில் நுழைந்து, அங்கு நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. பயணிகள் பலர் காயமுற்றனர், உயிரிழப்பு இல்லை.

நடைமேடை, நடைமேம்பாலம், மூடிய கதவுக்கு வெளியே உள்ள சாலை ஆகியவையே நிற்கத் தக்க இடங்கள். ஆரணியாற்றுப் பாலம் போன்ற ரயில் பாலங்களின் மேல் செல்லக் கூடாது. அங்கு ஒதுங்க இடமிராது. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்வதால், நடைமேம்பாலத்திலிருந்து செல்ஃபி குச்சியை நீட்டுவதும் ஆபத்தாகும்.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி, ரயில்வே எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நடைமேடைச் சீட்டு இரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். வணிகப் படப்பிடிப்புக்கு முன் அனுமதி தேவை. மற்றவர்களும் நிலைய அதிகாரியிடம் முதலில் சொல்லிவிடுவது நன்று; காவலர் வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும்.

பயன்

இன்று சாதாரணமாகத் தோன்றும் படம் நாளை வரலாற்றுச் சான்றாகும். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை தன் பழைய வகைப் பெட்டிகளின் தயாரிப்பை 2018-இல் நிறுத்தியது. அப்பெட்டிகள் தடங்களிலிருந்து மெல்ல மறைந்து வருகின்றன. எனவே நாள், இடம், வண்டி எண், எஞ்சின் எண் ஆகியவற்றை ஒவ்வொரு படத்துடனும் எழுதி வைக்க வேண்டும். இக்குறிப்புகளே படத்தை ஆவணமாக்குகின்றன.