ராமானுஜன் பட்டியலில் விடுபட்டுப்போன ஒரே ஒரு எண்!

குள்ளஞ்சாவடி பக்கம் பிள்ளைகளுக்கு முந்திரி பங்கு போடுவது பெரிய பஞ்சாயத்து. 60 முந்திரி இருந்தால் கவலையில்லை. 2, 3, 4, 5, 6, 10, 12 என எத்தனை பேர் கை நீட்டினாலும் சமமாகப் பிரிக்கலாம். 61 ஆகிவிட்டால் போச்சு!

60-க்கு 12 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்துகிற எண்ணுக்கு 'ஹைலி காம்போசிட் நம்பர்' என்று பெயர். அதைப் பற்றி 1915-ல் லண்டன் கணிதச் சங்க இதழில் நீண்ட கட்டுரை எழுதியவர், நம் ராமானுஜன். கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேற முடியாமல் போனவருக்கு, 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கித் தந்தது இந்த ஆராய்ச்சிதான். அதுவும் முழுசாக அச்சாகவில்லை. போர்க்காலம், சங்கத்திடம் பணமில்லை. மிச்சப் பகுதி வெளிவந்தது 1997-ல்!

அந்தக் கட்டுரையில் அவர் 102 எண்களைப் பட்டியலிட்டார். கம்ப்யூட்டரும் இல்லை, கால்குலேட்டரும் இல்லை. கடைசி எண் 6746328388800. அதற்குக் காரணிகள் 10,080.

ஆனால் நடுவில் ஒன்றை விட்டுவிட்டார்: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. (பிளஸ் டூவோடு கணக்குக்குக் கும்பிடு போட்ட எனக்கு, இதைப் படித்ததும் மனசுக்குள் ஓர் அல்ப சந்தோஷம்!)

போனில் கால்குலேட்டரைத் திறங்கள். இந்த எண்ணை 1 முதல் 22 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. 23-ல்தான் மாட்டிக்கொள்ளும். காரணம், அதன் உள்ளே இருப்பவை இவ்வளவுதான்: ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும்.

இப்போது அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். 6746328388800! ஆமாம், ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணேதான். பேரனை உட்காரவைத்து, தாத்தாவை வாசலிலேயே விட்டுவிட்டார் மனுஷர்.

காரணிகளை எண்ணுவதும் சுலபம். ஆறு 2 இருந்தால், ஒன்றுகூட எடுக்காமல் விடுவதையும் சேர்த்து 7 வழிகள். அதேபோல 3-க்கு 5 வழிகள், 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. மொத்தம் 5,040 காரணிகள்.

அந்த 5,040-ம் ராமானுஜன் பட்டியலில் இருக்கிற எண்தான். அதற்கு எத்தனை காரணிகள் தெரியுமா? 60. நம் முந்திரிக் கணக்கு! 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. இவை எல்லாமே அதே பட்டியலில் இருக்கின்றன.